கேட்கிறது

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் காலை.
ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் வரும் கறுப்பு
டேப்பின் முகத்திலும் படிந்திருக்கிறது.
முந்தானையால் துடைக்கிறேன்.
ஒரு நொடி என் முகம்,
பிறகு கடவுச்சொல்.

மூன்றாம் வகுப்பு, முப்பத்தோரு பேர்,
ஒரு டேப்.
நெட் என் சொந்த போனிலிருந்து.
அதைக் கைப்பையோடு கதவின் மேல்தாழ்ப்பாளில் மாட்டினால்தான்
இரண்டு கோடு தெரியும்.
சோறும் அதே பையில்தான்.
நேற்று எறும்பு.

ஒவ்வொருவராக வந்து வாசிக்க வேண்டும்.
சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.
நாலு மணிக்குள் ஏற்றிவிட வேண்டும்.

தர்ஷித்தின் விரலை அது ஏற்கவில்லை.
மூன்று தடவை அழுத்தினான்.
"மிஸ், என் கைய அதுக்குத் தெர்ல."
வாங்கிப் பார்த்தேன்.
விடிகாலை காசிமேட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த கை.
விரல் நுனியில் சங்கராச் செதில் ஒன்று
இன்னொரு நகம் போல ஒட்டிக் காய்ந்திருந்தது.
பிய்த்தேன். தொட்டான்.
தெரிந்துவிட்டது.

அடுத்து லோஷிகா.
திரையில் மஞ்சளாய் ஒரு சீப்பு.
அவள் உரக்க, சந்தேகமே இல்லாமல், "பயம்" என்றாள்.
சிவப்பு.
"நீ சொன்னது: பயம்" என்று
அழகான எழுத்தில் போட்டுக் காட்டியது.

அதற்குக் காது மந்தமில்லை.
அதுதான் எனக்கு ஆத்திரம்.
இந்த வகுப்பில் எதற்கும் பயப்படாத ஒரே பிள்ளை
மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக.
மறுபடி பயம்.

நாக்கை மடித்துக் காட்டினேன்.
அண்ணத்தில் ஒட்டாதே, தள்ளி நிறுத்து,
காற்றை விடு.
எனக்கே இது இருபது வயதில் வந்த நாக்கு.
பயிற்சிப் பள்ளி விடுதியில், சாப்பாட்டு வரிசையில்,
"கொயம்பு ஊத்துக்கா" என்றேன் ஒருநாள்.
கரண்டி நின்றது.
பின்னால் நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள்.
அன்றிரவு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிடம்
நூறு தடவை குழம்பு சொன்னேன்.
வீட்டில் இன்றைக்கும் கொயம்புதான்.
ழ போட்டால் உப்பு குறைகிறது.

"மிஸ், நாம சொல்றத அது எய்துமா?"
எழுதும் என்றேன்.
அவ்வளவுதான்.
பெஞ்சுகள் காலியாகி டேப்பைச் சுற்றி முப்பது தலை.
"கோயி" என்றான் ரிஸ்வான்.
கோயில் என்று எழுதியது.
"ஐய, கோயி கோயிலாயிடுச்சு!"
ஜெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
"மய" என்றார்கள் கூட்டமாக.
மை வந்தது, பிறகு மாயா,
ஒருமுறை ஏனோ திருவொற்றியூர்.

அதட்டியிருக்க வேண்டும்.
பக்கத்து வகுப்பு அல்போன்சா டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
ஆனால் கோயிலுக்குள் போன கோழியை
எப்படியாவது வெளியே கொண்டுவர
முப்பது நாக்குகள் வாய்க்குள் மடிந்து புரண்டு
தடுக்கி விழுவதை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சாப்பாட்டு மணி அடித்ததும் யாரும் ஓடவில்லை.

மூன்று ஐம்பது. பதினோரு சிவப்பு.
லோஷிகா பெயரில் விரல் வைத்து
நானே ஒரு பழம் சொல்லிவிடலாம்.
என் பழத்தை அது ஒருபோதும் மறுத்ததில்லை.
வாயைத் திறந்தும்விட்டேன்.
"மிஸ், ஒரே ஒருவாட்டி."
அவள்.

டேப்பை இரண்டு கையாலும் பிடித்து
முகத்தருகே வைத்துக்கொண்டாள்,
பெரியம்மா வீட்டுக் கைக்குழந்தையைப் பிடிப்பது போல.
சொன்னாள்.
அதே நேரம் வெளியே ஒரு லாரி ஹார்ன்.
அதே நேரம் தாழ்ப்பாளில் என் கைப்பை அதிர்ந்தது.
அலுவலக அழைப்பு: "ஏத்திட்டீங்களா டீச்சர்?"
நெட் போய்விட்டது.

திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
'கேட்கிறது' என்று மட்டும் போட்டிருக்கிறது,
நிறமில்லாமல்.
பதில் வரும்வரை விடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ,
மடித்த நாக்கை மடித்தபடியே வைத்துக்கொண்டு
என்னைப் பார்க்கிறாள் லோஷிகா.